வேன் கண்ணாடியில் கறுப்புப் பெயிண்ட்

ஆயிஷம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சங்கரன்கோவில் அன்னபூரணி தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியும். அவள் வார்டில் நின்று கத்தினால் யாரும் அசைந்து கொடுக்க மாட்டார்கள். மெதுவாகப் பேச ஆரம்பித்தாளோ, ஆயாக்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம், அவள் பேசியது பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பின்கதவத் தொறங்க, டிரைவரண்ணாச்சி."

டிரைவர் காசிராஜன் திறக்காமல் வேன் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, முறுக்கிய மீசை, பதினாறு வருஷ சர்வீஸ். அன்று காலை எட்டரை மணிக்கு இதே வாசலில்தான் குருவிகுளம் பக்கத்து மாரித்தாயை ஏற்றியிருந்தார்கள். இரண்டு நாள் வலி, பிள்ளை இறங்கவில்லை. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்று சொல்லி, துணைக்கு அவள் அம்மாவையும் ஏற்றி, கதவைச் சாத்தியது ஆயிஷம்மாள்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் மூன்றே பேர். நர்ஸ் யாரும் வண்டியில் போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். டிரைவரும் அட்டெண்டர் தாவீதும் முன்னால் ஏறினார்கள்.

இப்போது கதவைத் திறந்தது தாவீதுதான். மாரித்தாயை அதே ஸ்ட்ரெச்சரில் தலைவரை மூடிக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் அம்மா பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டுக்குள் குழந்தை கிடந்தது. உயிரோடு, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு.

"பிள்ள எங்கன பொறந்தது?"

"தேவர்குளம் தாண்டி," என்றாள் அந்த அம்மா. "பிள்ள தானா வந்துட்டு தாயி. அப்புறம் ரத்தம் நிக்கவே இல்ல. நான் கண்ணாடியத் தட்டு தட்டுன்னு தட்டுனேன். வண்டிய நிறுத்தவே இல்ல. பெரியாஸ்பத்திரி போய்ச் சேருமுன்ன உசுரு போயிட்டு."

ஆயிஷம்மாள் காசிராஜனைப் பார்த்தாள்.

"தட்டுனது கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேட்டுச்சு." அவர் தரையைப் பார்த்தார். "வெரசாப் போவச் சொல்லுதாகன்னு நெனச்சேன். மிதிச்சேன். அவுக தட்டத் தட்ட மிதிச்சேன், நர்சம்மா."

"திரும்பிப் பாக்கலையா?"

"பொம்பளையாளு பிரசவ வலியில கெடக்கையில எப்படித் திரும்பிப் பாக்க?"

இதை அவர் சாக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவே சொல்லி வந்தவர். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பின்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை என்று டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். கேட்டவர்களும் மனுஷன்னா இவருதான் என்பார்கள். போதாததற்கு, டிரைவர் சீட்டுக்கும் பின்பகுதிக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக்கு ஆஸ்பத்திரி மேனேஜர் மருதப்பன் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். வேன் வாங்கிய வருஷமே, யாரோ ஒரு பெரிய வீட்டுப் பெண்ணை அட்டெண்டர் எட்டிப் பார்த்தான் என்று பேச்சு வந்ததாம். உடனே ஒரு டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ். விவகாரம் முடிந்தது.

ஆக, அங்கே ஒருத்தி ரத்தமெல்லாம் வடிந்து செத்துக்கொண்டிருக்க, இரண்டடி தூரத்தில் இரண்டு ஆண்கள் மரியாதையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம். இந்த மரியாதையை எந்தக் குப்பையில் கொண்டு போடுவது?

ஆயிஷம்மாளின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொன்னதில்லை. கடையநல்லூரில் நெசவுக்காரர் வீட்டுப் பெண் அவள். பதினேழு வயதில் நிறைமாதமாக இருந்தபோது தென்காசிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். முன்னும் பின்னும் திரை கட்டிய வண்டி. ஓட்டியவர் சொந்த மாமா. பாதி வழியில் பிள்ளை பாதி வெளியே வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கூட வந்த பெரியம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. மாமா, மாமா என்று கத்தினாள். "அல்லாவை நெனச்சுக்கோ மகளே, இந்தா வந்துட்டுது ஊரு," என்று சொன்னாரே தவிர, மாமா திரையை விலக்கவில்லை. பாசமான மனுஷன்தான். பிள்ளையை அடக்கம் பண்ணிய அன்று அவளைவிட அவர்தான் அதிகம் அழுதார். அடுத்த வருஷம் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஆயிஷம்மாள் பாளையங்கோட்டைக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தாள். வாப்பா ஒரு வருஷம் பேசவில்லை. அதற்கெல்லாம் அவள் கவலைப்பட்டவள் இல்லை.

மாரித்தாயை ஊருக்கு அனுப்பிய மறுநாள் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். மருதப்பன் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கையூட்டு வாங்காதவர், ஏழைகளைக் கண்டால் எழுந்து நிற்பவர், ஆஸ்பத்திரிக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து வாழ்ந்தவர்.

"வண்டியில கூட ஒரு நர்ஸ் போகணும் சார்."

"இருக்கிறது மூணு பேரு. முப்பது கட்டில யாரு பாக்க?"

"அப்ப டிரைவருக்கும் தாவீதுக்கும் நான் சொல்லிக் குடுக்கேன்."

"என்னத்த?"

"பிள்ள பொறந்தா என்ன செய்யணும், ரத்தம் போனா என்ன செய்யணும், வலிப்பு வந்தா எப்படிப் படுக்க வைக்கணும். அவ்வளவுதான்."

மருதப்பன் சிரித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. "டிரைவர் பிரசவம் பாக்கவா நர்சம்மா? ஊருல நம்மள என்ன சொல்லுவான்?"

"மாரித்தாய் செத்ததுக்கு என்ன சொன்னான் சார்?"

"அது விதி. யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அனுமதி கேட்டது முடிந்தது, இனிமேல் வேலையைப் பார்க்கலாம் என்று வெளியே வந்துவிட்டாள்.

வகுப்பு வேன் ஷெட்டில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேனேஜர் வீட்டுக்குப் போகும் ஒரு மணி நேரம். முதல் நாள் தாவீது வெட்கத்தில் நெளிந்தான். நாற்பது வயது, நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒரு பிரசவத்தைக்கூட வாசல்படி தாண்டிப் பார்த்ததில்லை. காசிராஜன் வரமாட்டேன் என்று வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஏதோ நட்டைக் கழற்றுகிறாராம்.

"அங்கன படுத்துக்கிட்டே கேளுங்க," என்று ஆயிஷம்மாள் ஆரம்பித்தாள்.

புது பிளேடு, வெந்நீரில் கொதிக்கவைத்த நூல், சுத்தத் துணி. கொடியில் இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டு. கழுத்தில் சுற்றியிருந்தால் விரலை விட்டுத் தலைக்கு மேலாக எடு, பிடித்து இழுக்காதே. பிள்ளையின் வாயைத் துடை, உடம்பை ஈரமில்லாமல் துவட்டு, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு மூடு. வலிப்பு வந்தால் இடதுபக்கம் ஒருக்களிக்க வை. வாயில் தண்ணீர், சோடா, திருநீறு எதையும் போடாதே. சொன்னதையே பத்து தடவை சொன்னாள். தாவீது தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. வேனுக்கு அடியில் இருந்த நட்டு மூன்று நாளாகக் கழன்றுகொண்டிருந்தது.

நான்காம் நாள் புரோட்டாக் கடையிலிருந்து ஒரு உருண்டை மாவு வாங்கிவந்தாள். தலையணைக்குக் கீழே அதை வைத்து, மேலே அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.

"பிள்ளை பொறந்த பெறகு தொப்புளுக்குக் கீழ கைய வச்சுப் பாரு. இப்படிக் கொழகொழன்னு இருந்தா ரத்தம் நிக்காது. தேய்க்கணும். வட்டமா, அழுத்தித் தேய்க்கணும். தேங்கா கணக்கா கெட்டியாகுத வரைக்கும் விடக் கூடாது."

தாவீது சிரித்தான். "நாளைக்குச் சால்னாவும் வாங்கியாங்க நர்சம்மா."

அவள் குரல் இறங்கியது. "மாரித்தாய்க்கு இத ஒருத்தன் செஞ்சிருந்தா அவ பொழச்சிருப்பாலே. சிரி. நல்லாச் சிரி."

தாவீது மறுபடியும் தலையணைமேல் கையை வைத்து அழுத்தினான்.

அடுத்த நாள், புளியங்குடியில் சாயம் காய்ச்சும் ஒருவரிடம் சொல்லி வாங்கிவந்த சிவப்புச் சாயத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தாள். பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து ஸ்ட்ரெச்சரில் விரித்தாள். எவ்வளவு ரத்தம் போனால் சாதாரணம், எவ்வளவு போனால் ஆபத்து என்று ஆண்களுக்குக் கண்ணளவு தெரியாது. ஒரு சொட்டைப் பார்த்தாலும் பதறுவார்கள், சேலை முழுக்க நனைந்தாலும் பிரசவம்னா அப்படித்தான் என்பார்கள். அரைச் சொம்பு ஊற்றினாள்.

"இது வழக்கமாப் போறது. பயப்படாத."

இன்னொரு அரைச் சொம்பு. "இது ஆபத்து. இங்கனயே வண்டிய நிறுத்திரணும். சேலை நனைஞ்சு கீழ சொட்டுது பாரு, இதுதான் அடையாளம்."

"இன்னும் ஊத்துங்க," என்று ஒரு குரல் கேட்டது.

காசிராஜன் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றார். சட்டை முதுகெல்லாம் கிரீஸ்.

"போதும் அண்ணாச்சி. இதுக்கு மேல போனா..."

"ஊத்துங்கன்னு சொல்லுதேன்லா. அன்னைக்கு வண்டியக் கழுவுனவன் நான்."

அவள் ஊற்றினாள். இன்னும் என்றார். மறுபடி ஊற்றினாள். ஸ்ட்ரெச்சரிலிருந்து வழிந்து, வேன் தரையில் ஓடி, பின்கதவுப் படியில் இறங்கி, ஷெட்டு மண்ணில் தேங்கும்வரை இன்னும் இன்னும் என்றுகொண்டே இருந்தார். வாளி காலியானது.

"ம். இம்புட்டு," என்றார். "இம்புட்டும் என் முதுகுக்குப் பின்னால ஓடியிருக்கு. நான் மிதிச்சுக்கிட்டே போயிருக்கேன்."

பிறகு டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறினார். கறுப்புப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பல் கூசும். ஆயிஷம்மாள் அன்றைக்கு முழு ஒரு மணி நேரமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

எட்டு மாதம் கழித்து, கார்த்திகையில், கரிவலம்வந்தநல்லூர் சங்கரம்மாளைத் திருநெல்வேலிக்கு அனுப்பவேண்டி வந்தது. தலைப்பிள்ளை, நீர்க்குடம் உடைந்து ஒரு நாள் ஆகிவிட்டது. மாமியார் கூடப் போனாள். புருஷன் செல்லச்சாமி பருத்தி வியாபாரமாக விருதுநகர் போயிருந்தான். வண்டி பத்து மணிக்குப் போனது. ஆயிஷம்மாள் அன்று மூன்று பிரசவம் பார்த்தாள், மூன்றிலும் அவள் காது வாசலில்தான் இருந்தது.

நான்கரை மணிக்கு வேன் வந்தது. காசிராஜன் இறங்கினார். காக்கிச் சட்டை முழங்கைவரை ரத்தம், காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

"இருக்கா தாயி," என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்னால். "ரெண்டும் இருக்கு."

அவரும் தாவீதும் மாறி மாறிச் சொன்னார்கள். மானூருக்கு முன்னால் மாமியார் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள். காசிராஜன் திரும்பிப் பார்த்தார். பிள்ளையின் தலை தெரிந்தது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். பிள்ளையைத் தாவீது வாங்கினான், கொடியைக் கட்டி வெட்டினான். கொஞ்ச நேரத்தில் நச்சுக்கொடியும் விழுந்தது. அதற்குப் பிறகு சேலை நனைந்து கீழே சொட்ட ஆரம்பித்தது. தாவீது அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டான். "நீ ஓட்டு," என்று காசிராஜன் அவனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினார்.

"மாமியார்க்காரி எம் மேல விழுந்து பிராண்டுதா. ஆம்பள தொடாதன்னு. தொடலைன்னா செத்துருவா ஆத்தான்னேன். அந்தப் பிள்ள சங்கரம்மா என் மணிக்கட்டப் புடிச்சுத் தானே வயித்துல வச்சுக்கிட்டா. தேய்ச்சேன். கொழகொழன்னுதான் இருந்துச்சு. கை ஓஞ்சு போச்சு, விடலை. மானூரு தாண்டி கெட்டியாச்சு நர்சம்மா. தேங்கா கணக்கா."

"வண்டிய எவன் ஓட்டுனான்?"

"நான்தான்," என்றான் தாவீது. "ரெண்டு கோழி போச்சு."

அன்று ஆயிஷம்மாள் சிரித்தாள். அது நான்கு நாள்தான் நிலைத்தது.

ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு மனு. சங்கரம்மாளின் புருஷன் செல்லச்சாமி கொடுத்தது, மனு எழுதுகிறவரின் அழகான கையெழுத்தில். தன் சம்சாரத்தின் வயிற்றில் டிரைவர் காசிராஜன் என்பவர் கை வைத்ததாகவும், இதனால் தன் குடும்பம் தலைகுனிந்து நிற்பதாகவும், தக்க நடவடிக்கை எடுக்குமாறும். மேசைக்குக் கீழே ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் புது பிரஷும் இருந்தன. பெயிண்டைச் சுரண்டியதற்கும் பின்னால் ஏறியதற்கும் டிரைவர் பத்து நாள் வேலைக்கு வரக் கூடாது, கண்ணாடிக்கு இன்றைக்கே பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார் மருதப்பன்.

ஆயிஷம்மாள் மனுவை இரண்டு தடவை படித்தாள். பிறகு கேட்டாள், மெதுவாக.

"மாரித்தாய் வீட்டுல இருந்து மனு ஏதும் வந்துதா சார்?"

"யாரு மாரித்தாய்?"

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. யாரு மாரித்தாய்.

"நம்ம வண்டியில செத்தவ. அவ வீட்டுல யாருக்கும் தலைகுனிவு இல்ல. மானம் மரியாதையோட, ஆம்பள கை படாம, பார்வை படாம செத்தா. அதனால ஒரு புகாரும் இல்ல. இவ பொழச்சுக்கிட்டா, அதனால புகார். அப்படித்தான சார்?"

"நான் அப்படிச் சொல்லலை நர்சம்மா. நாலு பேரு வாயி..."

மேசைமேல் இருந்த வெள்ளைத் தாளை அவள் இழுத்தாள். நின்றுகொண்டே எழுதினாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள். "வண்டி ஓடும்போது பின்னாலிருந்து யார் தட்டினாலும் டிரைவரும் அட்டெண்டரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. நோயாளி செத்தாலும் தொடக் கூடாது. இப்படிக்கு, மேனேஜர்."

தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. வேன்ல ஒட்டிருதேன். நானே பெயிண்டும் அடிச்சிருதேன்."

"இது என்ன பேச்சு? இப்படி எழுத்துல எப்படி..."

"வாயால சொல்லுததத்தான் எழுதியிருக்கேன். ஒரு எழுத்துக் கூட்டலை. போடுங்க சார்."

மருதப்பன் பேனாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள் நகரவில்லை. வார்டில் யாரோ கூப்பிட்டார்கள், அப்போதும் நகரவில்லை. கடைசியில் அவர் பேனாவை மூடி ஓரமாக வைத்தார்.

"நீங்க போங்க. நான் யோசிக்கேன்," என்றார்.

"யோசிங்க. தாளு இங்கனயே இருக்கட்டும். என்னைக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு தோணுதோ, அன்னைக்கு முதல்ல கையெழுத்து."

குனிந்து பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வாரம் பிரசவ வார்டுக் கட்டில்களுக்கெல்லாம் நம்பர் போட்டாள். கறுப்பில், பெரிசு பெரிசாக. காசிராஜனின் பத்து நாளை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. அவர் அந்தப் பத்து நாளும் ஷெட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவந்த இரண்டு வாடகைக் கார் டிரைவர்களுக்குப் புரோட்டா மாவை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

எண்பத்தொன்பதில் ஓய்வு பெறும்வரை ஆயிஷம்மாள் அந்த வகுப்பை நிறுத்தவில்லை. திருவேங்கடத்திலிருந்துகூட டிரைவர்கள் வந்தார்கள். ஒருவரும் அவளுக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை, திட்டு வாங்காமல் போனவரும் இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரு நாள்தான் அவள் கையை ஓங்கப் போனாள்.

எண்பத்தொன்று ஆவணியில் சங்கரம்மாள் இரண்டாம் பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. திருநெல்வேலிக்கு அனுப்பியாக வேண்டும். இந்தத் தடவை மனுக் கொடுத்த செல்லச்சாமியே கூட வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்க். சங்கரம்மாளை ஏற்றிவிட்டு ஆயிஷம்மாள் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லச்சாமி உள்ளே ஏறி உட்கார்ந்தான். பிறகு எழுந்து குனிந்து போய், நடுக்கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினான்.

காசிராஜன் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றான் செல்லச்சாமி. "தட்டுனா... பாப்பியல்லா?"

"பாப்பேன்," என்றார் காசிராஜன்.

ஆயிஷம்மாளுக்கு அவனை இழுத்து இறக்கி ஒரு அறை அறையவேண்டும் போல வந்தது. கை உயர்ந்தும் விட்டது. ஸ்ட்ரெச்சரில் சங்கரம்மாள் வலியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் கதவை இழுத்துச் சாத்தினாள். வண்டி புறப்பட்டுப் போனது. அவன் தட்டியது ஒரே ஒரு தடவை. மாரித்தாயின் அம்மா எத்தனை தடவை தட்டினாள் என்று அந்த வாசலில் யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை.